வெர்ன் ஹால்வர்சன் ஏறாத கூழாங்கல் பாதை

வெர்ன் ஹால்வர்சன் தன் வாழ்நாளில் முப்பத்தொரு குளிர்காலங்களை ஒரே சாலையில் கழித்தவர். பிக்ஹார்ன் மலையின் கிழக்குச் சரிவில், எங்கள் ஊரிலிருந்து கணவாய் வரைக்கும் ஏறுகிற பதினொரு மைல் சாலை அது. பனி தள்ளும் லாரியின் ஓட்டுநர். அக்டோபரில் லாரியின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டினால் மே மாதம்தான் கழற்றுவார். மேலே தள்ளுவார், கீழே தள்ளுவார், திரும்ப மேலே போகும்போது தள்ளிய இடத்தில் மறுபடி பனி கிடக்கும். இதில் அலுப்பு என்று எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தொரு வருடத்தில் தன் வண்டியின் ஒரு சக்கரம்கூட சாலையை விட்டு இறங்கியதில்லை என்பதை மட்டும் அடிக்கடி சொல்வார். வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, வேறு ஏதோ பேச்சின் நடுவே, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்தச் சாலையில் இரண்டு கூழாங்கல் பாதைகள் உண்டு. இறக்கத்தில் பிரேக் போய்விட்ட வண்டி ஏறி நிற்பதற்காக, சாலையோரத்திலிருந்து மேட்டைப் பார்த்து வெட்டி, பட்டாணி அளவு கூழாங்கல்லை இடுப்பாழத்துக்குக் கொட்டி வைத்திருக்கும் பாதைகள். ஏறும் வண்டி கல்லுக்குள் புதைந்து நின்றுவிடும். கல் இறுகிவிட்டால் பயன்படாது என்பதால் வசந்தகாலத்தில் அதைக் கிளறி வாரிவிட வேண்டும். அதுவும் வெர்னின் வேலைதான். புதைந்த வண்டிகளை இழுத்து வெளியே போடுவதும் அவர் வேலைதான். அப்படி இழுத்த ஒவ்வொரு வண்டியையும் படம் பிடித்து, நெடுஞ்சாலைப் பணியாளர்கள் காப்பி குடிக்கும் அறையின் சுவரில் ஒட்டுவதை ஆரம்பித்து வைத்தவர் அவர். படத்துக்குக் கீழே கிண்டலாக ஒரு வரி இருக்கும், அதையும் அவரே எழுதுவார். நெப்ராஸ்காவிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லாரிக்கு, சமவெளியில் பிறந்தவனுக்கு மேடு எது பள்ளம் எது என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற நாளில் அந்தச் சுவரில் அறுபத்துமூன்று படங்கள் இருந்ததாக லோயிஸ் சொன்னார்.

லோயிஸ் அவருடைய மனைவி. முப்பத்துநான்கு வருடம் ஊர்த் தபால் நிலையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர். ஊரில் யாருடைய கையெழுத்தைக் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார். இருவரும் பணி ஓய்வு பெறுவதற்கு முன்பே முப்பத்தாறு அடி நீளத்தில் ஒரு ஆர்.வி. வாங்கினார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சமையலறை, சாப்பாட்டு மேஜை, குளியலறை, படுக்கை எல்லாம் வரிசையாக அமைந்த பெட்டிவீடு. ஜூலை நான்கு, நாட்டின் விடுதலை நாள் வருகிறதென்றால் இருபத்திரண்டு வருடமாக அவர்கள் மலைமேல்தான். ஒரே முகாம், பதினான்காம் எண் இடம். அதற்காக ஜனவரி மாதத்தில் முன்பதிவு திறக்கிற நிமிடத்தில் லோயிஸ் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

நான் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரன். ஊர் மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் வெர்னுக்கு நான் மருந்துக்கடை. அந்த வருடம் என் மனைவிக்கு விடுமுறை நாளிலும் பணி இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்துகொண்டிருக்காமல் எங்களோடு வா என்று லோயிஸ் கூப்பிட்டார். ஜூலை ஒன்றாம் தேதி காலை கிளம்பினோம்.

பயப்படுவதற்கான காரணம் எனக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. மே மாதத்தில் ஒருநாள், மெக்கானிக் டெல் வெர்னின் வாசலில் நின்று சொன்னது வேலிக்கு இந்தப்பக்கம் என் காதிலும் விழுந்தது. பிரேக் ஆயிலை மாற்றி ஐந்து வருடமாகிவிட்டது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கிறது, நீண்ட இறக்கத்தில் சூடேறினால் உள்ளே கொதித்து ஆவியாகிவிடும், அப்புறம் மிதியை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கும், மலைக்குப் போகுமுன் மாற்றிவிடு என்றார் டெல். செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெர்ன் சொல்லிவிட்டார். நான் மறுநாள் அதைப் பற்றி மெல்ல எடுத்தேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஏன் மருந்துக்கடை, அந்த மலைய நான் எத்தன தடவ எறங்கியிருப்பேன்னு நெனைக்கிற?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. எண்ணுறவன் பயப்படுறவன்."

முகாமுக்குப் போய்ச் சேரும் கடைசி அரை மைல் ஒரு சின்ன இறக்கம். அதில் இறங்கும்போது அவர் பிரேக் மிதியை இரண்டு மூன்று தடவை அழுத்தி விட்டார். கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னால் மேஜையருகே இருந்த எனக்கு அது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோயிசுக்கும் கேட்டிருக்க வேண்டும். லோயிஸ் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார்.

பதினான்காம் எண் இடத்தில் வண்டியைப் பின்னால் ஏற்றி நிறுத்துவது அந்த முகாமின் முதல் நாள் வேடிக்கை. அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கைகாட்ட, எத்தனை குடும்பங்கள் அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டன என்று கணக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். லோயிஸ் ஈ அடிக்கும் மட்டையால் சைகை காட்டுவார். மட்டை இடது பக்கம் சாய்ந்தால் இடது, தலைக்கு மேல் போனால் நில். வெர்ன் ஒரே முயற்சியில் ஏற்றி நிறுத்தினார். நாற்காலிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. அவர் ஜன்னல் வழியே தொப்பியைத் தொட்டுக் காட்டினார்.

மூன்று நாளும் எனக்கு நினைப்பெல்லாம் அந்த இறக்கத்தின் மேல்தான். காட்டில் பட்டாசு கூடாது, அந்த வருடம் வறட்சியால் விறகுத் தீ மூட்டவும் தடை. ஒவ்வொரு வண்டியின் மேலும் கொடி கட்டியிருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட்டும் சுட்ட சாசேஜும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தன. வெர்ன் குதிரைலாடம் எறியும் ஆட்டத்தில் எல்லோரையும் தோற்கடித்தார். நான் லோயிசிடம் தனியாக, டெல் சொன்னதைச் சொன்னேன். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டார். நாற்பத்தாறு வருடமாக இந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறேன், ஒரு தடவையும் கண்ணை மூடியதில்லை என்றார். சொன்ன பிறகும் அதே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் தேதி காலையில் கிளம்ப வேண்டியிருந்தது. மற்ற வருடங்களில் அவர்கள் ஐந்தாம் தேதிவரை இருப்பார்கள். இந்த வருடம் ஊர்வலக் குழு, முதல் காரில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக் கையசைக்க லோயிசைத் தேர்ந்தெடுத்திருந்தது. முப்பத்துநான்கு வருடம் தபால் கொடுத்ததற்கான மரியாதை. அந்தக் கண்றாவி எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் நீல நிறச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அலமாரியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தார். வெர்னுக்கு அந்த ஊர்வலம் பற்றி அவரைவிட ஆசை. ஒரு மணிக்கு ஊர்வலம்.

ஆர்.வி.யின் அடியில் கழிவுநீருக்கென்று தொட்டிகள் உண்டு. முகாமை விட்டுப் போகும்போது வாசலருகே உள்ள குழியில் அதைக் கொட்டிவிட்டுத்தான் எல்லோரும் மலை இறங்குவார்கள். அன்று அங்கே எட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம். முதலில் நின்றிருந்தவர் குழாயை எப்படி மாட்டுவது என்று கையேட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

லோயிஸ் காத்திருக்கலாம் என்றார். தான் இல்லாமலும் ஊர்வலம் போகும் என்றார். வெர்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ இல்லாம எப்படிப் போகும்? முதல் கார்ல யாரு, காத்தா ஒக்காந்து போகும்?"

தொட்டிகள் நிறைந்திருந்தன. நல்ல தண்ணீர்த் தொட்டியும் முக்கால்வாசி இருந்தது, குழாயடியில் வேறு வரிசை நின்றதால் அதையும் திறந்துவிடவில்லை. முக்கால் டன் பாரம் அனாவசியமாக எங்களோடு இறங்குகிறது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதைச் சொல்லவும் சொன்னேன். ரெண்டு தடியனுங்க கூட வர்றாங்கன்னு நெனச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வெர்ன் வரிசையை விட்டு வண்டியை வெளியே எடுத்தார். நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணவாயின் உச்சியில் கியரைக் குறைத்தார். எந்தக் கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடு, அதன் மேல் உட்காராதே என்பதுதான் அவர் புதிய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அன்றும் அப்படியே இறங்கினார். எஞ்சின் வாய்விட்டு அலறியது. லோயிஸ் வழக்கம்போலச் சாலைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார். எட்டு சதவீத இறக்கம். வளைவு. இருபத்தைந்து மைல் வேகம். வெர்னுக்கு அந்தப் பலகைகள் எல்லாம் மனப்பாடம், சிலவற்றை நட்டதே அவர்தான். இருந்தாலும் லோயிஸ் வாசிக்காமல் விட்டால் கேட்டுவிடுவார்.

இரண்டு மைல் இறங்கியதும் முன்னால் போன கார்கள் நின்றுவிட்டன. சாலையோரச் சதுப்பில் ஒரு பெரிய மூஸ் மான் குட்டியோடு நின்றுகொண்டிருந்தது. விடுமுறைக் கூட்டம் முழுவதும் காரை நகர்த்தி நகர்த்தி, ஜன்னல் வழியே படமெடுத்துக்கொண்டே போனது. எங்களுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கால்மணி நேரம் வெர்னின் கால் பிரேக்கிலேயே இருந்தது. செங்குத்தான இடம். வண்டியின் முழுப் பாரமும் அந்த ஒரு பாதத்தில் தொங்கியது. இஸ்திரிப்பெட்டியைத் துணியில் வைத்து மறந்துவிட்டால் வரும் வாசனை முதலில் லேசாக வந்தது. பிறகு அதோடு இரும்பு வாசனையும் சேர்ந்தது.

"வெர்ன், ஓரங்கட்டுங்க. ஆறட்டும்" என்றேன்.

பின்னால் முப்பது கார் நிற்கிறது, ஓரங்கட்ட இடமில்லை என்றார். அது உண்மைதான். கொஞ்ச தூரத்தில் இடம் வந்தது. அதற்குள் முன்னால் வழி விட்டிருந்தது, மணி பன்னிரண்டேகால் ஆகியிருந்தது. அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போனார்.

அடுத்த வளைவில்தான் முதல் முறையாக அவருடைய முழங்கால் நான் பார்த்திராத அளவுக்குக் கீழே போனது. மிதித்தார். எடுத்து மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவையில் கொஞ்சம் பிடித்தது. வளைவை முடித்தோம். வேகம் நாற்பதைத் தாண்டியிருந்தது. லோயிஸ் அவருடைய காலைப் பார்த்தார், பிறகு வேகமானியைப் பார்த்தார்.

"பிரேக் போன வண்டிக்குப் பாதை. ஒரு மைல்" என்று வாசித்தார்.

முள் நாற்பத்தைந்துக்குப் போனது. என் இருக்கையின் பெல்ட்டை நான் இழுத்துப் பார்த்தேன், அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது. ஏறிவிடலாமே என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. இன்னும் பிரேக் இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. சொல்லும்போதே அவர் பாதம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"வெர்ன்" என்றார் லோயிஸ். பலகை வாசிக்கும் அதே குரல். "பாதை வலது பக்கம்."

கூழாங்கல் பாதையின் வாய் தெரிந்தது. அகலமாக, யாரும் இல்லாமல், மேட்டைப் பார்த்து ஏறியது. கல்லை யாரோ நேற்றுத்தான் வாரி விட்டதுபோல் நேர்நேராகக் கோடுகள் ஓடின. வெர்ன் அதைப் பார்த்தார். அவர் தலை திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் திரும்பவில்லை. கோடுகள் ஜன்னலில் வரிசையாக ஓடி மறைந்தன.

"அடுத்தது மூணு மைல்ல இருக்கு. அங்க சரிவு கம்மி" என்றார்.

சரிவு கம்மி இல்லை. இரண்டாவது பாதையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு, அதற்கு அப்புறம் கீழே ஆறு மட்டும்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. லோயிஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு பலகையையும் வாசிக்கவில்லை.

அந்த மூன்று மைலை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. வெர்ன் கைப்பிரேக்கை இழுத்தார். அடியில் ஏதோ கத்தியது, பிறகு புகை, பிறகு அதுவும் இல்லை. கியரை இன்னும் குறைக்கப் பார்த்தார், அந்த வேகத்தில் கியர்ப்பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து. சமையலறை அலமாரி திறந்து தட்டுகள் என் தலைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக விழுந்தன. முன்னால் ஒரு பிக்அப் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, பின்தட்டில் நான்கைந்து பேர் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள். வெர்ன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அவர்கள் எழுந்து கையசைத்தார்கள். பிக்அப் ஓட்டியவரும் பதிலுக்கு ஹாரன் அடித்தார். ஜூலை நான்காம் தேதி அந்த மலையில் ஹாரன் அடிக்காத வண்டி எது? வெர்ன் இடது பக்கம் ஏறி, எதிர்ப்புறம் என்ன வருகிறது என்றே தெரியாத வளைவில், அவர்களைத் தாண்டினார். இடப்பக்கம் சாலைக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. அவர்களுடைய முகங்கள் என் ஜன்னலில் கடந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தன.

பிறகு நேர்ச்சாலை வந்தது. அதன் முடிவில் இரண்டாவது கூழாங்கல் பாதையின் வாய்.

அதில் ஒரு நீல நிற வேன் நின்றுகொண்டிருந்தது.

அதை ஓய்வெடுக்கும் இடம் என்று நினைத்துவிட்டார்கள். நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒரு பெண் வேனின் பின்கதவில் தர்பூசணியை வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சிறுபிள்ளைகள் கூழாங்கல்லை அள்ளி அள்ளி வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டார். பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். லாரிக்காரர்களிடம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்கும்போது இங்கத்துப் பிள்ளைகள் செய்வதுபோல, முஷ்டியை மேலே உயர்த்திக் கீழே இழுத்துக் காட்டினார்கள். இன்னும் அடி, இன்னும் அடி. கத்தியைப் பிடித்திருந்த கையாலேயே அந்தப் பெண்ணும் அசைத்தாள்.

"லோ, பெல்ட்டக் கழட்டு. பின்னாடி போ. இப்பவே" என்றார் வெர்ன்.

ஏன் என்று லோயிஸ் கேட்கவில்லை. கழற்றிவிட்டு எழுந்தார், வண்டி ஆடியதில் முட்டிபோட்டு விழுந்தார். நான் என் பெல்ட்டை விட்டுவிட்டு அவரை இடுப்போடு பிடித்து இழுத்தேன். குளிர்பெட்டிக்கும் மேஜைக்கும் நடுவே, உடைந்த தட்டுகளின் மேல் இருவரும் கிடந்தோம். அவருடைய கை என் சட்டைக் காலரைப் பற்றியிருந்தது.

வெர்ன் வண்டியை வலது பக்க மலைச்சுவரின் மேல் சாய்த்தார்.

அந்த ஓரத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. குளிர்காலத்தில் பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்கச் சாலையில் மணலும் கருங்கல் பொடியும் தூவுவார்கள். பனி தள்ளும் லாரி அதையும் சேர்த்துத் தள்ளி அந்தப் பள்ளத்தில் குவித்துவிடும். முப்பத்தொரு வருடம் அவர் தள்ளிய மணல் அங்கே கிடந்தது. எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வலது சக்கரங்கள் அதில் இறங்கின. ஒரு பக்கம் முழுவதும் பாறையில் உரசிக்கொண்டு போனது. கண்ணாடி போனது. வெயிலுக்கு விரிக்கும் நிழல்துணியின் சட்டம் பிய்ந்து ஜன்னலில் அடித்தது. கதவு உள்ளே வளைந்தது. சத்தம் காதுக்குள் இல்லை, பல்லுக்குள் கேட்டது. நான் வாய்விட்டு என்ன சொன்னேன் என்று தெரியாது, தமிழில்தான் சொல்லியிருப்பேன். அது நிற்காது என்று முடிவு செய்துவிட்ட பிறகும் வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

லோயிசின் இருக்கையில், சாய்மானத்தைக் கிழித்துக்கொண்டு, என் தொடை கனத்துக்கு ஒரு பைன் மரத்தின் வேர்க்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. லோயிஸ் எழுந்து நின்று அதைப் பார்த்தார். வெர்னும் பார்த்தார். அவர் கைகள் இன்னும் ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை.

ஓட்டுநர் பக்க ஜன்னல் வழியாக மூவரும் இறங்கினோம். தொட்டிகள் உடைந்து, கொட்டாமல் கொண்டுவந்ததெல்லாம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு அந்த வேன்காரர் ஓடிவந்தார். வேனுக்கும் எங்களுக்கும் நடுவே முப்பது அடி தூரம்கூட இல்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

"நீங்க வாழ்த்து சொல்றீங்கன்னு நெனச்சோம். பசங்க எவ்வளவு சந்தோஷமா..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை.

இது நிறுத்தும் இடம் இல்லையா என்று பிறகு கேட்டார். பலகை அவருக்கு நேர் மேலேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால், அந்தப் பலகையை நட்டவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வெர்ன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவனின் வாயைச் சுற்றித் தர்பூசணிச் சாறு. அவன் கையில் இன்னும் கூழாங்கல் இருந்தது.

நெடுஞ்சாலைக் காவலர் வந்து சேர்ந்தபோது ஒரு மணி ஆகியிருந்தது. ஜானெல் ஓடம் என்ற அந்தப் பெண், வெர்ன் பனி தள்ளிய சாலையில் பள்ளிப் பேருந்தில் போய் வளர்ந்தவள். வண்டியையும் பள்ளத்தையும் வேனையும் பார்த்தாள். தர்பூசணித் தோல்கள் கிடந்த இடத்தை நடந்து அளந்தாள். நீங்கள் செய்ததை வேறு யாராலும் செய்திருக்க முடியாது மிஸ்டர் ஹால்வர்சன் என்றாள். குரல் லேசாக உடைந்தது. பிறகு நோட்டை எடுத்தாள்.

"மேல இருக்கற கூழாங்கல் பாதையத் தாண்டின பிறகுதான பிரேக் போச்சு?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பேனா தாளின் மேல் தயாராக இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். லோயிஸ் தரையைப் பார்க்கவில்லை. நாற்பத்தாறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், இப்போது எதிரே நின்று வெர்னின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்ன் அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க இரண்டு முறை முயன்றார்.

"இல்ல. அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

ஜானெல் நிமிர்ந்தாள். அப்படியென்றால் ஏன் ஏறவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

"வெக்கம்" என்றார் வெர்ன். கொஞ்சம் கழித்து, "அதுல மாட்டினவன் ஒவ்வொருத்தனையும் பாத்து நான் சிரிச்சிருக்கேன்" என்றார்.

அவள் நோட்டில் என்ன எழுதினாள் என்று தெரியாது. கொஞ்சமாகத்தான் எழுதினாள்.

லோயிஸ் தன் கைப்பையை ஜன்னல் வழியே எட்டி எடுத்தார். நீலச் சட்டையை எடுக்கவில்லை. வேன்காரரிடம் போய், ஊர்வரை என்னைக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் லோயிஸ் ஏறி உட்கார்ந்தார். வெர்ன் பக்கத்தில் போய், தானும் வருவதாகச் சொல்வதற்குள் லோயிஸ் சொல்லிவிட்டார்.

"நீ இழுவை வண்டியில வா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வெர்ன் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார், அவர்களுக்குள் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வேன் மெதுவாகக் கொண்டை ஊசி வளைவில் இறங்கி மறைந்தது. அது மறையும்வரை அவர் மூச்சை விடவில்லை என்று நினைக்கிறேன்.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரமாயிற்று. ஓட்டி வந்தவர் வெர்னுக்குப் பழக்கமானவர், வழியெல்லாம் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். வெர்ன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு இறக்கத்திலும் வலது பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு வந்தார். அழுத்துவது அவருக்கே தெரிந்திருக்காது. இனி நான் யாருடைய வண்டியில் மலை இறங்கினாலும் அப்படித்தான் செய்வேன் என்று எனக்குத் தெரிந்தது. பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"மருந்துக்கடை. அந்தக் கட்டை எவ்வளவு நீளம் இருக்கும்?"

பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

"நாலடி. நாலடி உள்ள வந்திருந்துச்சு" என்றார்.

ஊருக்குள் நுழைந்தபோது ஊர்வலம் முடிந்திருந்தது. பிரதான வீதியில் குதிரைச் சாணமும் மிட்டாய்த் தாள்களும் கிடந்தன. பழுது பார்க்கும் கொட்டகையில் இறங்கி எங்கள் தெருவுக்கு நடந்தோம். வெர்னின் வீட்டு முன்கதவு எந்த நாளும் திறந்து கிடக்கும் கதவு. அன்று சாத்தியிருந்தது. அவர் புல்வெளியின் நடுவில் நின்றுவிட்டார்.

நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கதவுக்கும் தெருவுக்கும் நடுவே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றார். ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் பாறையை நோக்கித் திருப்பிய ஆள்.

"நீ போய்த் தட்டேன்" என்றார்.

தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் உடனே வரவில்லை. அந்தச் சில நிமிடங்களில் நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. கதவு திறந்தது. லோயிஸ் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார், சின்ன வெட்டு. என் தோளுக்கு மேலாகப் புல்வெளியைப் பார்த்தார்.

"அவன் ஏன் அங்கயே நிக்கிறான்?"

"பயப்படுறார்" என்றேன்.

"நல்லது. கொஞ்ச நேரம் பயப்படட்டும்" என்றார் லோயிஸ்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நான் படியிறங்கி அதை வெர்னிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கும் கேட்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார். திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.